ஊமைக்கட்டை

நான் படிப்பிப்பது பௌதிகவியல். நல்லூரில் ஒரு ரியூசன் சென்ரரில் உயர்தர வகுப்பு எடுக்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு நீங்கள் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊர் குருநகரில் கடலுக்குப் போகிறவர்களிடம் பேய்க்கதைக்குக் குறைவில்லை, என் அப்பாவே நாலைந்து வைத்திருந்தார், நான் எல்லாவற்றையும் ஒரு காதால் வாங்கி மறு காதால் விட்டவள். ஒலி என்றால் அதிர்வு, அதிர ஒரு பொருள் வேண்டும், பொருள் இல்லாவிட்டால் சத்தமும் இல்லை. வருடாவருடம் பலகையில் இதைத்தான் எழுதுகிறேன். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் நானும் உங்கள் கட்சிதான், ஆனால் நடந்தது நடந்ததுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் ஓர்கன் வாசிக்கிறேன், பாடகர் குழாத்தையும் நடத்துகிறேன். ஓர்கன் என்றவுடன் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். காலால் மிதித்துக் காற்று ஊட்டும் பழைய பெட்டி, கடற்கரை உப்புக்காற்றில் பாதி உயிர் போனது. அதில் விரலால் அமத்தும் கட்டைகளில் நடுவில் ஒன்று சத்தமே போடாது, நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோதே அப்படித்தான். ஊமைக்கட்டை என்றுதான் எல்லாரும் சொல்வோம். பாட்டு அந்தச் சுரத்துக்கு வந்தால் ஓர்கன் கைவிட்டுவிடும், அந்த இடத்தை நாங்கள்தான் தொண்டையால் நிரப்பவேண்டும். நிரப்பி நிரப்பி என்ன ஆனதென்றால், எந்தப் பாட்டானாலும் அந்த ஒரு சுரம் வரும்போது எங்கள் ஆட்கள் கத்துவார்கள். வெளியூர்ச் சபைகளில் போய்ப் பாடினால் அங்கே நல்ல ஓர்கன் இருக்கும், அப்போதும் கத்துவார்கள். குருநகர்க் கத்தல் என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது.

எங்கள் பெரிய வெள்ளிப் புலம்பல் பாட்டு தொடங்குவதே அந்தச் சுரத்தில்தான். பெரிய வியாழன் பூசையில் வானவர் கீதம் பாடி முடிந்ததும் எங்கள் கோயிலில் ஓர்கனைப் பூட்டி ஊதாத்துணி போட்டு மூடிவிடுவோம், உயிர்ப்பு ஞாயிறுக்கான இரவுப் பூசை வரை தொடக்கூடாது. மணியும் அடிக்கக்கூடாது, மரக்கட்டைதான் தட்டுவார்கள். அதனால் புலம்பலை வெறுங்குரலில், நாலு குரலாகப் பிரிந்து பாடவேண்டும். நான் சொல்லப்போவது நடந்ததற்கு முந்திய வருடம் பெண்கள் ஒரு சுருதியில் தொடங்க ஆண்கள் வேறொன்றில் தொடங்கி, இரண்டாம் அடியிலேயே எல்லாம் குலைந்து, துக்கம் அனுசரிக்க வந்த சனம் கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. பூசை முடிய எங்கள் பங்குச் சுவாமி என்னைக் கூப்பிட்டார்.

"ரீச்சர், இன்னும் ஒரு வருசம் பாப்பம். சரிவராட்டில் பென் டிரைவிலை போட்டு விடுவம். சனத்துக்கு என்ன, பாட்டுக் கேட்டாச் சரிதானே."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவருக்குத் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய் அழுதேன், அழுது முடிய ஒரு முடிவு எடுத்தேன். அடுத்த பெரிய வெள்ளிக்கு இந்தக் குழாம் ஒழுங்காகப் பாடும், இல்லாவிட்டால் நான் இனி ஓர்கன் இருக்கும் அந்த மாடிக்குப் படி ஏறமாட்டேன்.

அந்த வருடம்தான் எட்வின் ஐயா வந்தார். என் சித்தியின் மகள் மெரீனா இங்கிலாந்தில் ஒரு வெள்ளைக்காரரைக் கலியாணம் முடித்திருக்கிறாள், அவருடைய தகப்பன். எட்டு வயதில் அங்கே ஒரு பேராலயத்தில் பாடப் போனவர், குரல் உடைந்ததும் ஓர்கன் பழகி, உதவியாளாக இருந்து, கடைசியில் அந்த ஆலயத்துக்கே ஓர்கன் தலைவரும் பாடகர் தலைவருமாகி, தலை நரைக்கும் வரை அங்கேயே இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு, மருமகளின் ஊரைப் பார்க்க வந்தார். மார்கழியில் வந்தவருக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, உறைப்பு அறவே ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் எங்கள் பாட்டுப் பழக்கத்துக்கு ஒருநாள் எட்டிப் பார்த்தவர் பிறகு ஒருநாளும் தவறவில்லை. நேரே சொல்கிறேன், முதலில் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. பேராலயத்தில் இருந்தவர் எங்கள் பெட்டியைப் பார்த்து இளக்காரமாகச் சிரிப்பார் என்று நினைத்தேன்.

அவர் சிரித்தது வேறு ஒன்றுக்கு. "இந்த ஒரு சுரத்தில் மட்டும் ஏன் எல்லாரும் சண்டைக்குப் போகிறீர்கள்?" என்று இங்கிலிசில் கேட்டார். நான் ஊமைக்கட்டையைப் பற்றிச் சொன்னேன். உடனே சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஓர்கனின் பின்பலகையைக் கழற்றினார். உள்ளே ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு பித்தளை நாக்கு உண்டு, காற்று பட்டு அது அதிர்ந்தால்தான் சுரம். ஊமைக்கட்டையின் நாக்கை இழுத்து எடுத்தார். பச்சைக் களிம்பு பிடித்து, ஒரு கரையில் வெடித்தும் இருந்தது. அதை உதட்டில் வைத்து வாத்தியம் ஊதுவதுபோல் ஊதிப் பார்த்தார், வெறுங்காற்றுத்தான் வந்தது. லேஞ்சியில் சுற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். ஊருக்குப் போய்த் திருத்திக் கொண்டுவருகிறேன் என்றார்.

அவரிடம் நான் கண்ட பெரிய விடயம் பிடிவாதம். அவருடைய ஆலயத்தில் நாள்தோறும் பின்னேரம் பாட்டு வழிபாடு உண்டாம், பனிகொட்டும் நாட்களில் கேட்க ஒரு குருவிகூட இராதாம், ஆனாலும் முழுக்கப் பாடுவார்களாம். "கேட்க ஆள் இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை இல்லை, தொடங்குவதுதான் எங்கள் வேலை" என்றார். புலம்பலுக்கு நாலு குரலுக்கும் நாலு சுரம் கொடுக்கவேண்டாம், ஒன்று கொடு, மற்றவர்கள் அதிலிருந்து தங்கள் இடத்தைப் பிடிக்கட்டும் என்று சொல்லி, அந்தச் சுரத்தைத் தரும் ஓர் இசைக்கவையை, வகுப்பில் நாங்கள் தட்டிக் காட்டுகிற அந்த இரும்புக் கவைதான், என் கையில் தந்தார். மூன்றாம் அடியில் எங்கள் ஆட்களுக்குச் சுருதி இறங்கும். அங்கே உள்ளங்கையை மெல்ல உயர்த்து, மேலே பார்க்கட்டும் என்றார். தவக்காலம் பாதியில் நெஞ்சு நோவென்று மருத்துவம் பார்க்க இங்கிலாந்து திரும்பினார். குருத்து ஞாயிறுக்கு வந்துவிடுவேன் என்றவர் வரவில்லை. ஆசுப்பத்திரியில் வீட்டுக்கு விடாமல் மறித்துவிட்டார்கள் என்று மெரீனா சொன்னாள்.

சரி, அவர் இல்லாவிட்டால் என்ன, கவை இருக்கிறது. மறந்துபோகாமல் இருக்கவென்று வியாழன் இரவே அதைச் சுவாமி உடுப்பு மாற்றும் அறையின் மேசையில் வைத்துவிட்டுப் போனேன். வெள்ளி பின்னேரம் போய்ப் பார்த்தால் மேசையில் இல்லை. எங்கள் கோயில் சங்கிலித்தாம், அதாவது பூசைக்கு வேண்டியதெல்லாம் எடுத்து வைக்கிற அந்தோனி அண்ணை, பக்கத்தில் நின்றார்.

"அண்ணை, மேசையிலை ஒரு கவை கிடந்தது, கண்டனீங்களே?"

"ஓம் தங்கச்சி, கண்டனான். தட்டிப் பாத்தன், மணி மாதிரிச் சத்தம் போடுது. உந்தச் சாமானைப் பெரிய வெள்ளியிலை வெளியிலை வைக்கலாமே? மணியளோடை சேத்து அலுமாரியிலை வைச்சுப் பூட்டிட்டன்."

"திறப்பு எங்கை?"

"சுவாமியின்ரை பொக்கற்றிலை."

சுவாமி அப்போது பெரிய வெள்ளி முறைப்படி பீடத்துக்கு முன்னால் முகங்குப்புற விழுந்து கிடந்தார். வழிபாடு தொடங்கிவிட்டது. அவரிடம் போய்த் திறப்புக் கேட்கவா முடியும்? கைபேசியில் சுரம் எடுக்கலாமென்றால் எங்கள் கைபேசிகளும் அதே அலுமாரிக்குள், முந்திய வருடம் இயேசுவின் பாடுகளின் வாசிப்புக்கு நடுவில் யாருடையதோ சினிமாப் பாட்டோடு அடித்ததால் வந்த சட்டம். அந்தோனி அண்ணையைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை, அவர் வழமையைத்தான் செய்தார். சத்தம் போடும் இரும்பு, அதனால் பூட்டினார்.

மாடிக்கு ஏறினேன். கோயில் நிரம்பி வாசல்வரை சனம், புழுக்கம் தாங்க முடியவில்லை. எனக்குப் பின்னால் ஓர்கன், ஊதாத்துணிக்குக் கீழே, பூட்டியபடி. அதன் திறப்பும் சுவாமியின் பொக்கற்றில்தான். எனக்கு முன்னால் குழாம், எல்லார் கண்ணும் என் கையில் கவையைத் தேடுகிறது. மனதுக்குள் சுரத்தைப் பிடிக்கப் பார்த்தேன், பதற்றத்தில் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று வந்தது. கீழே சுவாமி சிலுவையின் துணியை நீக்கி உயர்த்திவிட்டார். இனி எங்கள் பாட்டு. பென் டிரைவ் நினைவுக்கு வந்தது. வாறது வரட்டும், தொடங்குவதுதான் என் வேலை என்று கையை உயர்த்தினேன்.

அப்போதுதான் கேட்டது. எனக்குப் பின்னால், ஓர்கன் இருந்த பக்கம். முதலில் ஒரு மூச்சு, ஆள் இழுத்து விடுகிற மூச்சு. அதற்குப் பிறகு அந்தச் சுரம், மூக்கால் வருவதுபோல, மெல்லியதாக, நேராக. கவையின் சத்தம் அப்படி இராது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பயமாக இருந்தது, ஆனால் திரும்பினால் எல்லாம் போய்விடும் என்று தெரியும். முன்வரிசையில் நின்ற ஸ்ரெல்லா என் தோளுக்கு மேலால் ஓர்கனையே பார்த்தாள். கையை இறக்கினேன். நாலு குரலும் ஒன்றாய்த் தொடங்கின, அத்தனை வருடத்தில் முதல் தடவையாக ஒருவரும் அந்தச் சுரத்தில் கத்தவில்லை.

மூன்றாம் அடியில் சுருதி இறங்கத் தொடங்கியது. அங்கே நடந்த ஒன்றைப் பிறகு சொல்கிறேன். உள்ளங்கையை உயர்த்தினேன், குழாம் ஏறியது, கடைசிவரை ஏறியபடியே நின்றது. கீழே சனம் அழுதது, இந்த முறை உண்மையாகவே அழுதது.

வழிபாடு முடிய சுவாமி படியேறி வந்தார். பாராட்ட வருகிறார் என்று நினைத்தேன்.

"ரீச்சர், நல்லாப் பாடினியள், அது வேறை. ஆனா பெரிய வெள்ளியிலை ஓர்கனைத் தொட்டது பிழை. சுரம் கேட்டது, எனக்குக் கேட்டது."

நான் ஓர்கனைக் காட்டினேன். துணியைத் தூக்கிப் பார்த்தார், பூட்டை இழுத்துப் பார்த்தார், தன் பொக்கற்றில் கையை விட்டுத் திறப்பைத் தடவிப் பார்த்தார். பிறகு இறங்கிப் போனார். பென் டிரைவ் கதையை அதற்குப் பிறகு அவர் எடுக்கவே இல்லை.

நானும் சும்மா விடுகிற ஆள் இல்லை. றோட்டில் பாண், கேக் விற்கிறவரின் ஓட்டோ வழமைபோல் பாட்டுப் போட்டுக்கொண்டு போயிருக்குமோ என்று விசாரித்தேன், அன்று ஓடவில்லை. சனிக்கிழமை இரவு ஓர்கனைத் திறந்ததும் முதல் வேலையாக ஊமைக்கட்டையை அமத்தினேன். நாக்கு இருந்த இடம் வெறும் ஓட்டை, புஸ் என்று காற்றுத்தான் வந்தது. பலகையில் நான் எழுதுவதன்படி அதிர அங்கே ஒன்றும் இல்லை.

உயிர்ப்பு ஞாயிறு மெரீனா தொலைபேசி எடுத்தாள். வாழ்த்துச் சொல்லிவிட்டுத் தன் மாமனார் எட்வின் ஐயாவைப் பற்றிச் சொன்னாள், நான் எதுவும் கேட்கவுமில்லை, இங்கே நடந்ததைச் சொல்லவுமில்லை.

"வெள்ளிக்கிழமை மாமா ஒரு மாதிரி அக்கா. மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னம், அந்தப் பித்தளைத் துண்டைக் கேட்டு வாங்கி வாயிலை வைச்சு ஊதினவர். ஒரு சத்தமும் வரேல்லை, வெறுங்காத்து. பாக்கப் பாவமாக்கிடந்தது. ஆனா அவர் சிரிச்சுக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு கிடந்தவர். கொஞ்சத்தாலை முகத்தைச் சுழிச்சுப்போட்டுத் திரும்ப ஊதினவர். உள்ளங்கையை உப்பிடி மேலை தூக்கினவர்."

அங்கே மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் என்றால் இங்கே நாலு மணி, நாங்கள் புலம்பல் பாடிய நேரம்.

மூன்றாம் அடியில் நடந்ததை இப்போது சொல்கிறேன். சுருதி இறங்கியபோது அந்தச் சுரம் திரும்பவும் கேட்டது, அதே மூச்சோடு. அதைக் கேட்டுத்தான் நான் உள்ளங்கையை உயர்த்தினேன். முதலாவது சுரத்தைக் குழாம் முழுக்கக் கேட்டது, சுவாமி கேட்டார். இரண்டாவதைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை, என்னைத் தவிர ஒருவருக்கும் அது கேட்கவில்லை. அப்படி ஒன்று கேட்டதென்று நான் யாருக்கும் சொன்னதில்லை, மெரீனாவுக்கும் சொன்னதில்லை. அவளுக்கு எப்படித் தெரியும்?

எட்வின் ஐயா அடுத்த மாதம் இறந்துபோனார். ஆவணியில் மெரீனா வந்தபோது நாக்கைக் கொண்டுவந்து தந்தாள், அதே லேஞ்சியில் சுற்றி. திருத்த அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. பச்சைக் களிம்பும் வெடிப்பும் அப்படியே இருந்தன. நான் ஊதினேன், ஸ்ரெல்லா ஊதினாள், அந்தோனி அண்ணைகூட ஊதிப் பார்த்தார். வெறுங்காற்று. திருத்தக் கொடுக்காமல் அப்படியே ஓர்கனுக்குள் பழைய இடத்தில் செருகிவிட்டேன், ஏனென்று கேட்காதீர்கள். எங்கள் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பழையபடி அந்தச் சுரத்தில் கத்துகிறார்கள்.

இந்த வருடத் தவக்காலம் தொடங்கிவிட்டது. போன கிழமை அந்தோனி அண்ணை என்னிடம் வந்து, "தங்கச்சி, இந்த முறை உன்ரை கவையைப் பூட்டமாட்டன், பயப்பிடாதை" என்றார். நான் கவையை அவர் கையில் கொடுத்து, மணிகளோடு சேர்த்துப் பூட்டச் சொன்னேன். பயமா என்று கேட்டால், ஓம், பயம்தான். ஆனாலும் பெரிய வெள்ளியன்று கையை உயர்த்தத்தான் போகிறேன்.