ஏழாம் வகுப்பு படித்த விஞ்ஞானம்

தமிழில் விஞ்ஞானம் படிப்பிப்பதை நேசராசா மாஸ்டர் ஓர் இறக்கமாகவே நினைத்தார். கல்முனையில் ஓர் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் பதினொரு வருடமாக ஆங்கிலத்தில் படிப்பித்தவர். மெதடிஸ்தக் குடும்பம். தகப்பன் தபால் கந்தோரில் இருந்தவர். ஆங்கிலம்தான் அந்த வீட்டைத் தூக்கி நிறுத்தியது. அதனால், ஐம்பத்து மூன்றாம் ஆண்டு தை மாதம் தொடங்கி, ஆறாம் வகுப்பிலிருந்து ஆண்டுக்கு ஒரு வகுப்பாக எல்லாப் பாடமும் தாய்மொழிக்கு மாறும் என்று அரசாங்கத்தின் சுற்றுநிருபம் வந்ததும், எதிர்த்து மேலிடத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பெட்டிசம் எழுதினார்.

அதில் முதல் கையெழுத்துப் போட்டவர் பக்கீர் முகைதீன். சவளக்கடையில் வயலும் கடைத்தெருவில் அரிசிக் கடையும் உள்ளவர். தமிழ் மட்டும் வாசிப்பார். மகன் சீனிமுகம்மது ஏழாம் வகுப்பில் முதல் பிள்ளை.

"மாஸ்டர், இங்கிலீசு தெரிஞ்சவன் கந்தோருக்குள்ள கதிரையில இரிக்கான். நாங்க வாசல்ல நிக்கிறம். என்ட மகன்ட வகுப்பு தப்பிட்டு. அவனுக்கு இளையதுகளும் வாசல்ல நிக்கவா?" என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவை வாங்கினார்.

பெட்டிசத்துக்குக் கையெழுத்துச் சேர்த்து அனுப்பிப் பதில் வரும்வரை சுற்றுநிருபத்துக்குக் கீழ்ப்படிய வேண்டுமே. ஆறாம் வகுப்புக்குத் தமிழ், ஏழுக்குப் பழையபடி ஆங்கிலம். தை மாத நடுவில் ஒருநாள் இரண்டு வகுப்புக்கும் ஒரே பாடம் வந்தது: தண்ணீர் ஆவியாவது. ஆறுக்குப் புதிது, ஏழுக்கு மீட்டல்.

ஆறாம் வகுப்பில் சொல் தேடித் தடுமாறிக்கொண்டுதான் தொடங்கினார். புத்தகமும் இல்லை. "தண்ணி சூடேறினா ஆவியாகி மேல போகும்" என்று சொல்லி முடிப்பதற்குள் கைகள் உயர்ந்தன.

"சேர், அவிச்ச நெல்லக் காயப்போட்டா ஈரம் போறதும் இதானா?"

"ஓம், இதுதான்."

"கடல் தண்ணியும் மேல போகுதெண்டா, மழை ஏன் சேர் உப்புக் கரிக்குதில்ல?"

மாஸ்டர் சோக்கட்டியை எடுத்து அந்தக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதினார். பதினொரு வருடத்தில் ஒரு பிள்ளையும் அவரிடம் இதைக் கேட்டதில்லை.

மணி அடித்தது. ஏழாம் வகுப்புக்குப் போனார். சீனிமுகம்மது எழும்பி, பாடத்தை ஆங்கிலத்தில் ஒரு சொல் பிசகாமல் ஒப்புவித்தான். சென்ற தவணை அந்தப் பாடத்துக்கு அவனுக்குத் தொண்ணூற்றிரண்டு புள்ளி. மாஸ்டர் என்ன நினைத்தாரோ, அந்த வகுப்பில் முதல்முறையாகத் தமிழில் கேட்டார்.

"மகன், இப்ப சொன்னதத் தமிழ்ல சொல்லு."

பையன் கரும்பலகையைப் பார்த்தான்.

"சரி, வேப்பர் எண்டா என்ன?"

"அது சீமையில இரிக்கிற ஒரு சாமான் சேர்."

யாரும் சிரிக்கவில்லை. இருபத்தேழு பிள்ளைகளும் அந்தப் பதிலைச் சரியென்றே எடுத்துக்கொண்டார்கள்.

"நம்மட ஊர்ல தண்ணி காயிறல்லையா?"

"காயும் சேர். அது வெயிலுக்கு. புத்தகத்துல இரிக்கிறது வேற."

புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். கணப்படுப்பில் கேத்தல் கொதிக்கிறது. பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை, யன்னலுக்கு வெளியே பனி. நூறு தடவை பார்த்த படம்தான். கதிரையில் உட்கார்ந்தவர், அந்தப் பாடவேளை முடியும்வரை எழும்பவில்லை. இதுவரை தான் படிப்பித்து அனுப்பிய பிள்ளைகளின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அவர்களுக்கும் புள்ளி போட்டது இதே கைதான்.

பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அரிசிக் கடைக்குப் போய், பெட்டிசத்தை அனுப்பப் போவதில்லை என்றார். பக்கீர் முகைதீனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"உங்கட வாப்பா படிச்சார், நீங்க படிச்சீங்க. எங்கட முறை வரக்குள்ள கதவச் சாத்துறீங்களா?"

மாஸ்டர் பையிலிருந்து பெட்டிசத்தை எடுத்து நீட்டினார். "பெட்டிசத்த மகன்ட குடுத்து வாசிக்கச் சொல்லுங்க. என்ன எழுதியிரிக்கெண்டும் கேளுங்க" என்றார்.

பள்ளிக்கூடம் விட்டுக் கடைக்கு வந்திருந்த சீனிமுகம்மது அதை வாங்கி மழை கொட்டுவது போல வாசித்தான். தகப்பனின் முகம் மலர்ந்தது.

"என்னடா மகன் எழுதியிரிக்கி?"

பையன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "தெரியா வாப்பா." கண் கலங்கிவிட்டது.

"யா அல்லாஹ்! ஒரு வரியுமா?"

"ஒரு வரியும் தெரியா."

பக்கீர் முகைதீன் அரிசி மூட்டையின் மேல் இருந்துவிட்டார். பிறகு, "இத்தன வருசமா இவன் என்னத்தப் படிச்சான் மாஸ்டர்?" என்றார்.

"நான் படிப்பிச்சதத்தான் படிச்சான். பிழை அவன்ட இல்ல."

ஆனாலும் பக்கீர் முகைதீன் விட்டுக்கொடுக்கவில்லை. "பாடத்தத் தமிழ்ல படிப்பியுங்க. இங்கிலீச விடப்படா. அத மொழியா, விளங்கப் படிப்பியுங்க. அப்பிடி எழுதினா நான் கையெழுத்து வைப்பன்."

இருவரும் அன்றே வேறொரு பெட்டிசம் எழுதினார்கள். தமிழில் விஞ்ஞானப் புத்தகம் தர வேண்டும், ஆங்கிலத்துக்குத் தனி ஆசிரியர் வேண்டும் என்று கேட்டார்கள். அந்த வருடம் புத்தகமும் வரவில்லை, ஆசிரியரும் வரவில்லை. மாஸ்டர் தானே குறிப்பு எழுதிப் படிப்பித்தார். காலையில் ஒரு மணி நேரம் முந்தி வந்து ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார்.

ஏழாம் வகுப்பு சுற்றுநிருபத்துக்குள் அடங்கவில்லை. சட்டப்படி அவர்கள் ஆங்கிலத்திலேயே படித்து முடிக்க வேண்டியவர்கள். ஆனாலும் அரிசிக் கடைக்குப் போன மறுநாளே மாஸ்டர் அந்த வகுப்புக் கதவைச் சாத்திவிட்டு, முதலாம் பாடத்தைத் தமிழில் தொடங்கினார். வெளியே காலடிச் சத்தம் கேட்டால் உடனே அழிக்க, இடக்கையில் அழிப்பானை வைத்துக்கொண்டே எழுதினார். அந்தப் பயம் தவணை முடியும் சித்திரை வரைக்கும் விடவில்லை என்று பிற்பாடு மனைவி செசிலியிடம் சொன்னார்.