இது யாருக்கு?

பொன்னேரிக்கு வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் ‘ஷேர்’ என்ற சொல் என் வாயில் ஒட்டிக்கொண்டது. போவது ஷேர் ஆட்டோவில். மதியச் சோறு ஷேர். போனில் வரும் கல்யாணப் போட்டோவும் ஷேர். மனசுக் கஷ்டத்தையும் ஷேர் பண்ணு என்கிறாள் பக்கத்து சீட்டுக்காரி. பழவேற்காட்டுக் கரையில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே பங்குதான், மீன் பங்கு.

ஒரு படகில் போனவர்கள் பிடித்ததை மணலில் கூறு கூறாக வைப்பார்கள். ஒருத்தர் மட்டும் கூறுகளைப் பார்க்காமல் முதுகு காட்டி உட்காருவார். இன்னொருத்தர் ஒரு கூறைத் தொட்டு, “இது யாருக்கு?” என்பார். முதுகு காட்டியவர் யாரைச் சொல்கிறாரோ அவருக்கு அது. பெரிய மடவை மீன் வந்தாலும் பொடி நண்டு வந்தாலும் மூச்சு விடக் கூடாது.

நைனா என்று நான் கூப்பிடும் அப்பாவுக்கு வாதம் வந்து ஒரு கால் விழுந்துபோனது. படகேற முடியவில்லை. ஆனாலும் மாமாவும் மற்றப் படகுக் கூட்டாளிகளும் அவர் பங்கை வீட்டுக்கு அனுப்பினார்கள். “வலை இழுக்காதவனுக்கு இன்னாத்துக்குப் பங்கு? பிச்சை போடறானுங்களா?” என்று கத்தித் திருப்பி அனுப்பினார் நைனா. அவர் வீம்புக்கு எங்களுக்கு அன்று வெறும் ரசம். எனக்கு எரிச்சலாக வந்தது.

மறுநாள் அதே படகில் போகும் சித்தப்பா பைக்கோடு வந்தார். “மீன் வேணாம்னா வுடுண்ணா. கூறு சொல்ல ஆளில்ல. நீ வந்து உக்காரு, போதும்.”

நைனா போனார். அன்று தன் பங்கோடு திரும்பி, “புளி தூக்கலா போடு” என்று அம்மாவை அதட்டினார். அந்த அதட்டலைக் கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

போன தை மாதம் நைனா போய்விட்டார். இனி நமக்கு ஏது பங்கு என்று அம்மாவும் நானும் பேசிக்கொள்ளாமலே முடிவு செய்துவிட்டோம். காரியம் முடிந்து வேலைக்குப் போன முதல் நாள், ஷேர் ஆட்டோ நெரிசலில் சித்தப்பாவின் போன் வந்தது.

“கூறைப் பாக்காத ஆளு வேணும்மா. நீயே சொல்லு. இது யாருக்கு?”

“உங்களுக்கு, சித்தப்பா.”

“இது?”

“மாமாவுக்கு.”

“இது யாருக்கு?”

“நைனாவுக்கு” என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது.

“சரிம்மா” என்றார் சித்தப்பா. “அம்மாவைப் பாத்திரம் எடுத்தாரச் சொல்லு.”