நழுவவில்லை, விட்டுவிட்டேன்

அறுபதுகளின் தொடக்கத்தில் ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய், திருச்சியில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்டாக வேலை பார்த்தேன். புயலில் சேதமான சரக்குக் கப்பலைப் பற்றிச் சத்தியம் செய்து வாக்குமூலம் கொடுக்க, அதில் மாலுமியாக இருந்த பாலக்கரை பாய் ஒருவர் வந்தார். வெயிலில் கறுத்த முகம். தரை ஆடுவதுபோல மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேதான் பேசினார்.

மேல்தளம் உடைந்ததையும் தண்ணீர் புகுந்ததையும் நிதானமாகச் சொன்னார். தான் கையைப் பிடித்திருந்த சிநேகிதனை அலை இழுத்துப் போனது என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

"கை நழுவிடுச்சுன்னு அடிப்பா," என்றார் வக்கீல் என்னிடம்.

"நழுவலீங்க. நான்தான் விட்டேன். விடலைன்னா நானும் போயிருப்பேன்."

"பாய், இது கப்பல் சேதத்துக்கான வாக்குமூலம். நழுவினதுன்னா யாரும் கேக்கப் போறதில்ல."

"அல்லாவை முன்வச்சு சத்தியம் பண்ணிருக்கேங்க. செத்தவன் பொஞ்சாதிகிட்ட நழுவிடுச்சுன்னுதான் சொன்னேன். இங்கயாவது உண்மையைச் சொல்லிடறேன்."

வக்கீல் டைப்ரைட்டரைக் கைகாட்டினார். பாய் சொன்னபடியே அடித்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, "வரேங்க" என்று படியிறங்கிப் போனார்.

அந்தக் காகிதம் கப்பல் கம்பெனிக்குப் போயிருக்கும். அந்தப் பெண் அதைப் பார்த்திருக்க வழியில்லை. பார்த்திருக்க வேண்டுமா என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.