காலையில் மட்டும் உரசும் கார்

பாண்டிலட்சுமிக்கு அந்தக் காரைப் பெற்ற பிள்ளை மாதிரித் தெரியும். எந்த கியரில் முனகும், ஏசி போட்டால் எந்த மேட்டில் மூச்சு வாங்கும், பிரஸ் இருக்கிற சந்துகளில் எத்தனை தடவை முன்னே பின்னே எடுத்தால் திரும்பும் என்று எல்லாம் தெரியும். திருத்தங்கலிலிருந்து சூலக்கரை ஆபீசுக்குத் தினம் போக வர அந்தக் கார்தான். நீளமான கார். டிக்கி வைத்த கார் என்று தெருவே சொல்லும்.

அதற்கு முன்னால் பஸ்ஸில்தான் போய்வந்தாள். ஒரு கையில் சாப்பாட்டுத் தூக்கு, மறு கையில் மகள் சுகிர்தா, இடுப்பில் கண்டக்டர் இடிக்கிற பை. இறங்கும்போது கசக்கிப் போட்ட துணி மாதிரி இருப்பாள். புருஷன் வெள்ளைத்துரை ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, "நீ இப்படி நெரிபட்டுப் போகணும்னு உனக்கு என்ன தலையெழுத்து?" என்றான். மறு மாதம் வாசலில் கார் நின்றது. கைமாறிய கார்தான், ஆனாலும் கார். அழுதுவிட்டாள் பாண்டிலட்சுமி. சிரிக்க வேண்டிய இடத்தில் அழுகிற ஜாதி அவள்.

வெள்ளைத்துரை வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு சின்னப் பட்டாசுக் கம்பெனியைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவன். கல்யாணமான புதிதில் அவள் அவனிடம் ஒரே ஒரு வரம் கேட்டிருந்தாள்: பட்டாசு மருந்து நம் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. வெடி விபத்தில் வெந்த சித்தி மகளை வாழை இலையில் படுக்க வைத்துப் பார்த்தவள் அவள், கேட்கத்தான் செய்வாள். அவனும் தட்டவில்லை. கம்பெனியிலேயே குளித்து, வேறு வேட்டி மாற்றித்தான் வீட்டுக்கு வருவான். "இந்தக் காலத்துல இப்படி ஒரு ஆம்பளையா!" என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் மூக்கில் விரல் வைத்தார்கள்.

காருக்கும் அப்படித்தான் பார்த்தான். அவள் எழும் முன்னே துடைத்து நிறுத்திவிடுவான். செவ்வாயும் வெள்ளியும் வண்டிக்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும் என்று சூலக்கரையில் கதிரவன் என்பவனை ஏற்பாடு செய்திருந்தான். அவள் ஆபீசுக்குள் போனதும் கதிரவன் சாவியை வாங்கிக்கொண்டு போவான், மத்தியானம் பளபளவென்று கொண்டுவந்து வேப்பமர நிழலில் நிறுத்துவான். ஒரே ஒரு குறை, டிக்கி. "லீவர் ஒயர் அறுகப்போற மாதிரி இருக்கு, நீ இழுத்துராத" என்று வெள்ளைத்துரை சொல்லியிருந்தான். அவன் சொன்னான், அவள் கேட்டுக்கொண்டாள். புருஷன் சொல்லை எவள் இழுத்துப் பார்ப்பாள்?

காரில் அவளோடு இரண்டு பேர் வருவார்கள். பக்கத்து ஆபீஸ் லட்சுமிகாந்தம், நல்ல கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த சிரிப்பு. இன்னொருத்தி அழகுமீனா, வயதில் சின்னவள், வாய்தான் காதுவரை. சுகிர்தா முன் சீட்டில். வழியில் அவளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுப் போவார்கள்.

ரயில்வே கேட்டைத் தாண்டி ஒரு வேகத்தடை. கம்பெனி வேனுக்குக் காத்திருக்கிற பெண்கள் வரிசையாக நிற்கிற இடம். அங்கேதான் காரின் அடி முதலில் உரசியது. பெரிய அண்டாவைச் சிமெண்டுத் தரையில் இழுத்த மாதிரி ஒரு சத்தம்.

"யக்கா, நேத்து வீட்டுல பரோட்டாவா?" என்றாள் அழகுமீனா.

"ஏன் கேக்க மாட்ட, கோழிக்கால்ல சேலையச் சுத்துன மாதிரி இருந்துக்கிட்டு!" என்று லட்சுமிகாந்தம் அவள் தொடையில் ஒன்று வைத்தாள்.

சாயங்காலம் அதே ஆட்கள், அதே தடை. உரசவில்லை.

"பாத்தியா? கனம் எனக்கில்ல, என் தூக்குச்சட்டிக்குத்தான்."

"தூக்குல இருந்தா கனம், வகுத்துக்குள்ள போனா கனமில்லையாக்கும்!"

கார் குலுங்கச் சிரித்தார்கள். ஆனால் அடுத்த செவ்வாய் உரசியது, வெள்ளியும் உரசியது. மற்ற நாளில் இல்லை. மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, ஸ்பிரிங் எல்லாம் கல்லு மாதிரி இருக்கிறது என்றார். வீட்டில் சொன்னபோது வெள்ளைத்துரை சோற்றிலிருந்து தலையெடுக்காமல், "அந்த லட்சுமிகாந்தத்த அந்த இடத்துல இறங்கி நடக்கச் சொல்லு" என்றான்.

சொன்னாள். சொல்லும்போதே நாக்கு கூசியது. "அக்கா, அந்தத் தடையில மட்டும் இறங்கி ஏறிக்கிருறீகளா?"

லட்சுமிகாந்தம் இறங்கினாள். வேனுக்கு நின்ற பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, கார் முன்னே போக, அவள் பின்னே நடந்து வந்து ஏறினாள். யாரோ சிரித்தார்கள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து பஸ்.

அடுத்த செவ்வாய் லட்சுமிகாந்தம் இல்லாமலே உரசியது.

"இப்ப யாரு கனம்? நானா?" என்றாள் அழகுமீனா. பிறகு குரலை இறக்கி, "யக்கா, இது கண்ணு. அம்புட்டுப் பேரும் இந்தக் காரையேதான் பாக்காக. திருஷ்டி கழிங்க" என்றாள்.

காருக்கு வாரந்தோறும் பூ வைப்பது வெள்ளைத்துரைதான். சூடம் மட்டும் கொளுத்த மாட்டான், பெயிண்ட் கறுத்துவிடும் என்பான். அந்த வெள்ளிக்கிழமை அவன் குளித்துக்கொண்டிருக்கும்போது, பாண்டிலட்சுமி பூசணிக்காயில் சூடத்தை வைத்துக் கொளுத்திக் காரைச் சுற்றி வந்தாள். முன்பக்கம் முடிந்தது. டிக்கிப் பக்கம் திரும்பினாள்.

குளியலறைக் கதவு படாரென்று திறந்தது. ஈர உடம்போடு, இடுப்பில் துண்டு நழுவ, வெள்ளைத்துரை ஓடி வந்தான். வந்த வேகத்தில் எரிகிற சூடத்தை வெறுங்கையால் அப்படியே பொத்தி அணைத்தான். பூசணிக்காய் உருண்டு சாக்கடைக்குள் போனது.

"கை சுட்டுருச்சா?" என்றுதான் முதலில் கேட்டாள். அவளுக்கு அப்படித்தான் வாயில் வரும்.

"பெயிண்ட்டு... பெயிண்ட்டு போயிரும்னு..."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பெயிண்ட்டுக்காக யாரும் அப்படி ஓடுவதில்லை. அந்த ஊரில் பிறந்தவளுக்கு அந்த ஓட்டம் தெரியும். நெருப்பைக் கண்டு மனுஷன் அப்படி ஓடுகிறான் என்றால், பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பால்குடிக்கிற பிள்ளையும் சொல்லும்.

டிரைவர் கதவைத் திறந்து லீவரை இழுத்தாள். அறுகப்போகிறது என்று அவன் சொன்ன லீவர். 'டொக்' என்று வெண்ணெய் மாதிரித் திறந்தது டிக்கி.

உள்ளே மூடைகள். கட்டியிருந்த வாயோரம் பட்டாசு மருந்தில் கலக்கிற அலுமினியப் பொடி வெள்ளியாய் மின்னியது. ஓரமாய் வெடிக்கு வைக்கிற கருந்திரிக் கட்டுகள். அவை குலுங்காமல் இருக்க, அடியில் ஒரு ஜமுக்காளம். கல்யாணத்துக்கு அவள் அம்மா கொடுத்தது. தொலைந்துபோயிற்று என்று வீடெல்லாம் தேடிய ஜமுக்காளம்.

"எம்புட்டு நாளா?"

அவன் நழுவிய துண்டை இறுக்கிக் கட்டினான்.

"காரு வந்ததுல இருந்தா?"

"ஆர்டர் நெருக்குதுடி, சீசன் வந்ததும் லோடு கூடிருச்சு. லோடு ஆட்டோவுல விட்டா வழியில பிடிச்சுருவாக. கதிரவன் அங்கன வீட்டுல வச்சு வேலை பாக்கவுகளுக்கு இறக்கிருவான். நீ போனா ஒருத்தரும் நிறுத்த மாட்டாக."

உண்மைதான். தீபாவளி சீசனில் போலீஸ் ரோட்டை மறித்துச் சோதிக்கிறபோது, கழுத்தில் அட்டை போட்ட மூன்று பெண்களையும் யூனிஃபார்ம் பிள்ளையையும் கண்டால் கையசைத்துப் போகச் சொல்வார்கள். அவளுக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

"அப்ப, நான் பஸ்ஸுல நெரிபடுதேன்னு நீங்க காரு வாங்கலை."

வெள்ளைத்துரை ஈரத் தலையைச் சொறிந்தான். "அதுக்கும்தான்" என்றான்.

இல்லவே இல்லை என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"முன் சீட்டுல உங்க பிள்ளை உக்காந்து வருதே. வெயில்ல காருக்குள்ளயே தூங்கிருக்கே."

"இம்புட்டு நாள்ல ஒண்ணும் ஆகலையேடி."

அவன் இதைச் சொன்னபோது சுகிர்தா பள்ளிக்கூடப் பையோடு வாசலில் வந்து நின்றாள். பையின் அடிப்பக்கம் லேசாக வெள்ளி மின்னியது. ஏதோ ஜிகினா என்று இத்தனை நாளும் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாளே பாண்டிலட்சுமி!

"எடுங்க" என்றாள். "உங்க பைக்குல கொண்டு போங்க."

"பட்டப்பகல்ல எப்படிடி?"

"உங்க மடியில வச்சுக் கொண்டு போங்க. என் பிள்ளையவிட உங்க மடி ஒண்ணும் ஒசத்தியில்ல. இனி ஒரு திரி என் கார்ல ஏறுச்சு, நானே போலீசுல போய்ச் சொல்லிருவேன். பொண்டாட்டின்னு பாத்துக்கிட்டு இருக்காதீக."

எடுத்துப் போனான், பக்கத்திலேயே எங்கேயோ இறக்கிவிட்டு வந்து, இரண்டு மூன்று நடையாக. அவள் வாசலிலேயே நின்று பார்த்தாள். அம்மாடி, என்ன பதனம்! ஒரு பள்ளம் விடவில்லை, சுற்றிப் போனான். ஒரு கல் விடவில்லை, காலை ஊன்றி இறக்கிப் போனான். மெதுவாகப் போ, குலுங்காமல் போ என்று அவளுக்கு ஒருநாள், ஒரே ஒரு நாள்கூட அவன் சொன்னதில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பாளே! அதனால் சொல்லவில்லை. அவள் வாசற்படியில் உட்கார்ந்து அழுதது அப்போதுதான்.

அழுது முடித்து முகம் கழுவிக் காரை எடுத்தாள். அவள் பிடிவாதக்காரி, ஆபீசுக்கு லீவு போடவில்லை. சுகிர்தாவோடு அழகுமீனாவையும் ஏற்றிக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நிறுத்தினாள்.

"அக்கா, ஏறுங்க."

லட்சுமிகாந்தம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எதுக்கு? இடிக்கும்."

"இடிக்காது. கால்ல விழவா, இங்கன வச்சே?"

ஏறினாள். வேகத்தடை வந்தது. பெரியவர்கள் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். கார் ஏறி இறங்கியது. சத்தமே இல்லை.

"என்னடி, நான் இளைச்சுட்டேனா?"

"இல்லக்கா. காரு இளைச்சுருச்சு" என்றாள் பாண்டிலட்சுமி. ரோடு கலங்கித் தெரிந்தது.

சூலக்கரையில் கதிரவன் சாவிக்குக் கை நீட்டினான். அவள் சாவியை உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள். அவன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டு போய்விட்டான்.

இன்றைக்கும் அந்தக் காரில்தான் போகிறாள். விற்கச் சொல்லிப் பார்த்தான் வெள்ளைத்துரை, மாட்டேன் என்றுவிட்டாள். கார் என்ன பாவம் செய்தது? சாவி அவள் இடுப்பில். பொழுது சாய்ந்ததும் காரை நிறுத்தி டிக்கியை ஆவென்று திறந்துபோட்டுவிடுவாள், தெருவே பார்க்கட்டும் என்று. "ஏம்மா, பூட்ட மறந்துட்டியா?" என்று கேட்டால், "காத்தோட்டமா கெடக்கட்டும்" என்பாள். மழை பெய்தால் நனைகிறது, பூனை வந்து படுத்துப் போகிறது. மூட மாட்டாள்.

வெள்ளிக்கிழமை சூடம் மட்டும் தவறுவதில்லை. கொளுத்துவது வெள்ளைத்துரை. தட்டை அவன் கையில் கொடுத்து, "சுத்தி வாங்க" என்பாள். அவன் சுற்றுவான், டிக்கிப் பக்கமும் போவான். சுகிர்தா கண்ணை மூடிக் கும்பிடுவாள். பாண்டிலட்சுமி கும்பிட மாட்டாள், சூடத்தையும் பார்க்க மாட்டாள். அவன் கால் எங்கேயாவது பின்வாங்குகிறதா என்று அதையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.