வாங்கிய புத்தகம் வாய் திறக்கவில்லை

அந்த அலுவலகத்தில் புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் தொலைபேசி ஆபரேட்டரை முதலில் பார்ப்பதில்லை, அவர் குரலைத்தான் கேட்பார்கள். இதை எழுதுபவனும் அப்படித்தான். சேர்ந்த அன்று மேசைத் தொலைபேசியை எடுத்து, கணக்குப் பிரிவு வேண்டும் என்று விறைப்பாகக் கேட்டதற்கு, "புதுசா சார்? மொத நாள் எல்லாரும் ரேடியோ மாதிரிதான் பேசுவாங்க. நாளைக்குச் சரியாயிடும்" என்று ஒரு குரல் சொல்லிவிட்டு இணைப்பைக் கொடுத்தது. அந்தக் குரலுக்கு உரியவரைத் தேடிப் போனால் மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்ன அறை. பகலிலும் இருட்டு. விளக்குப் போட வேண்டிய அவசியம் உள்ளே இருப்பவருக்கு இல்லை. ஆபரேட்டருக்குப் பிறவியிலேயே கண் தெரியாது.

காது மட்டும் இரண்டு ஆள் காது. ஒரு காதில் வெளியிலிருந்து வரும் அழைப்பு, இன்னொரு காதில் மாடியிலிருந்து ஏதாவது ஓர் அதிகாரி. இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்பார், ஒன்றோடு ஒன்று கலக்காது. ஒருவர் மூச்சு விடுவதை வைத்தே யாரென்று சொல்லிவிடுவார். "ரெண்டு காதுக்கும் தனித்தனிச் சம்பளம் கேக்கணும்" என்பது அவருடைய பழைய நகைச்சுவை. அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. வேறு எதில்தான் அவர் கர்வப்படுவது?

அந்தக் கர்வத்துக்கும் ஒருநாள் ஆபத்து வந்தது. அழைப்புகளை இணைக்கும் தொலைபேசிப் பலகையை எடுத்துவிட்டு, 'ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்' என்று தானே சொல்லிக்கொள்ளும் கருவியை வைக்கப்போவதாகச் சுற்றறிக்கை வந்தது. அவரை வேலையை விட்டு அனுப்ப மாட்டார்கள். ஆனால் துறைத் தேர்வு எழுதித் தேறினால்தான் உதவியாளர் பதவி. தேறாவிட்டால், காலியாக இருக்கும் ஏதாவது ஒரு நாற்காலியில், தொலைபேசியே இல்லாத தொலைபேசி ஆபரேட்டராக ஓய்வு பெறும்வரை உட்கார்ந்திருக்கலாம். "சும்மா உக்காரச் சம்பளம் குடுத்தா கசக்குதா?" என்று சிலர் கேட்டார்கள். கசக்கத்தான் செய்தது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் அதைச் சொன்னபோது அவர் குரல் இறங்கிப்போயிருந்தது. அவள் தட்டை அவர் கைக்கு நகர்த்தி வைத்தாள்.

அந்தத் தேர்வுக்கு எல்லோரும் நம்புவது ஒரே ஒரு வழிகாட்டிப் புத்தகத்தைத்தான். அதை எழுதியவர் இதே அலுவலகத்தில் சூப்பரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். முன்பு அச்சில் வந்துகொண்டிருந்தது. புதிய பதிப்பு கைபேசிச் செயலியில் மட்டும்தான். ஆபரேட்டர் அன்றைக்கே காசு கட்டி வாங்கிவிட்டார்.

அவருடைய கைபேசியில் திரையில் இருப்பதையெல்லாம் வாசித்துச் சொல்லும் ஒரு பெண் குரல் உண்டு. கணவன் மனைவி பேசும்போதெல்லாம் நடுவில் புகுந்து எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பதால், அவர் மனைவி அதற்கு 'நாத்தனார்' என்று பெயர் வைத்திருந்தாள். நாத்தனாரை அவர் ஓடவிடும் வேகத்தில் வேறு யாருக்கும் ஒரு சொல்லும் பிடிபடாது. தகரத்தில் மழை பெய்கிற மாதிரி இருக்கும். அவருக்கு அதுதான் படிப்பு. பட்டப்படிப்பே அப்படித்தான் படித்தார்.

புத்தகத்தைத் திறந்தார். "பக்கம் ஒன்று. படம்" என்றாள் நாத்தனார். தள்ளினார். "பக்கம் இரண்டு. படம்." கடைசிப் பக்கம்வரை தள்ளிப் பார்த்தார். எல்லாம் படம்.

செயலிக்காரர்களைக் கூப்பிட்டார். அங்கே ஒரு கருவி ஒன்றை அழுத்தச் சொன்னது, அப்புறம் மூன்றை அழுத்தச் சொன்னது, அப்புறம் இசை போட்டது. தன் பிழைப்பில் மண்ணைப் போட வந்த சமாச்சாரத்தின் வாயிலிருந்தே ஆறுதல் தேட வேண்டியிருக்கிறதே என்று அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. கடைசியில் மனிதக் குரலில் ஒரு பையன் வந்தான். திருட்டைத் தடுக்க எழுத்தைப் பூட்டி வைத்திருக்கிறோம், நகலும் எடுக்க முடியாது, திரையை வாசித்துச் சொல்லும் வாசிப்பானும் அதைத் தொட முடியாது, பாதுகாப்புக்காகத்தான் சார் என்றான். யாரிடமிருந்து பாதுகாப்பு என்று இவர் கேட்டார். பையன் மறுபடி இசை போட்டுவிட்டான்.

கல்லூரியில் படிக்கும் மகளுக்கு இதைக் கேட்டதும் கோபம். அந்தப் புத்தகத்தின் திருட்டுப் பிரதி நண்பர்கள் குழுவில் சுற்றிக்கொண்டிருக்கிறது, இறக்கித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றார்.

"காசு குடுத்து வாங்கியாச்சு இல்ல? அப்புறம் அது எப்படிப்பா திருட்டு?"

"காசு குடுத்தது இந்தக் கடையில. நீ கூட்டிட்டுப் போறது கொல்லைப்பக்கம்."

"இந்தக் கடைக்காரன் மட்டும் யோக்கியமா?"

அவர் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டார். பிறகு, "சினிமாக் கொட்டகையில டிக்கெட் வாங்கிட்டு உள்ள போறேன்னு வை. படத்தை நிறுத்தினா எனக்கு ஒண்ணும் இல்ல. இவன் சத்தத்தை நிறுத்திட்டான்மா" என்றார். மகள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

எழுதியவரிடமே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார். சூப்பரண்டு வீட்டு எண் அவருக்கு மனப்பாடம். ஒரு காலத்தில் தினமும் இணைத்துக் கொடுத்த எண்தானே. சார், எழுத்தாக ஒரு கோப்பு அனுப்புங்கள், நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்றார்.

சூப்பரண்டு பெருமூச்சு விட்டார். போன பதிப்பு என்ன கதி ஆனது தெரியுமா என்று ஆரம்பித்தார். ஒரு பிரதியை ஒருவன் வாங்கினான், அலுவலக நகல் இயந்திரத்திலேயே அத்தனை பேருக்கும் போட்டுக் கொடுத்தான். அந்த இயந்திரத்துக்குக் காகிதம் வாங்க ஒப்புதல் கையெழுத்துப் போட்டதே சூப்பரண்டுதான். அந்த வருடம் நிறைய பேர் தேறினார்கள், இனிப்பு கொண்டுவந்து நீட்டினார்கள். வேறு ஒருத்தன்கூடப் புத்தகத்தை வாங்கவில்லை. மூன்று வருடம் கண் எரிய எரிய உட்கார்ந்து எழுதியது.

"அதான் இந்தத் தடவை, எதெல்லாம் பூட்ட முடியுமோ அதெல்லாம் பூட்டுங்கடான்னு சொன்னேன். அந்தக் கம்பெனிக்காரன் ஒரு பட்டியல் காட்டினான். எல்லாத்துலயும் சரின்னு தட்டினேன். அதுல நீ இருக்கேன்னு எனக்குத் தெரியாதுப்பா."

மனுஷர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. எழுதினவனுக்கு உரிமை இருக்கிறது என்பதில் அவருக்கு என்றைக்கும் சந்தேகம் கிடையாது. அந்த உரிமையைக் காப்பாற்றப் போடுகிற பூட்டு, திருடனை விட்டுவிட்டு வாங்கினவன் கழுத்தில் விழுவதுதான் அவருக்குப் புரியவில்லை.

கோப்பு அனுப்ப மனம் வராத சூப்பரண்டு வேறு ஒரு வழி சொன்னார். நானே தினமும் மத்தியானம் கூப்பிட்டு வாசிக்கிறேன், நீ கேட்டுக்கொள். ஆபரேட்டர் சரி என்றார்.

மத்தியானங்களில் அலுவலகம் உண்ட மயக்கத்தில் இருக்கும். அழைப்புகள் குறைவு. சூப்பரண்டு கூப்பிடுவார், வாசிப்பார். ஆனால் அவர் வாசிப்பது மாட்டு வண்டி வேகம். போதாக்குறைக்கு ஒவ்வொரு விதிக்கும் அந்த விதியை மீறின ஓர் ஆளின் கதை வேறு. தாமத வருகை விதி வந்தால், தினமும் சைக்கிள் பஞ்சர் என்று சொன்ன எழுத்தர் ஒருவர் கடைசிவரை சைக்கிளே வைத்திருக்கவில்லை என்ற கதை. நடுவில் இருமல். நடுவில் தன் புத்தகத்திலேயே ஒரு தவறைக் கண்டுபிடித்து, "அடச்சே, யார் எழுதினது இதை" என்று தன்னையே திட்டிக்கொள்வது. ஓய்வு பெற்ற மனுஷருக்குப் பேச ஓர் ஆள் கிடைத்துவிட்டது என்பது ஆபரேட்டருக்குப் புரிந்தது. தேர்வுக்கு நாள் நெருங்கியபோது மூன்றாம் அத்தியாயம்கூட முடியவில்லை.

ஒரு மாலை வீட்டுக்கு வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் மகளை அழைத்தார். அந்தப் பிரதியை இறக்கு என்றார். அவள் ஏன் என்று கேட்கவில்லை, கேட்டிருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பார்.

திருடினவன் சுத்தமாகத் திருடியிருந்தான். ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. நாத்தனார் பொரிந்து தள்ளினாள். ஒரே வாரத்தில் முழுப் புத்தகமும் காதில் ஏறிவிட்டது. இரண்டாம் முறை கேட்க ஆரம்பித்தார். சூப்பரண்டிடம் போதும் சார் என்று சொல்லிவிடலாம்தான். சொன்னால் எப்படி என்று கேட்பார். தவிர, அந்தக் குரலில் இருந்த உற்சாகத்தை நிறுத்த இவருக்கு மனசு வரவில்லை. ஆகவே மத்தியானங்களில் ஒரு காதில் சூப்பரண்டு, மறு காதில் நாத்தனார். அங்கே நான்காம் அத்தியாயம் நொண்டிக்கொண்டிருக்கும்போது இங்கே பத்தாவது ஓடிக்கொண்டிருக்கும். சரியான இடத்தில் "ஆமா சார்", "அப்படியா சார்" போடுவது இத்தனை வருடத் தொழில். கலக்காது என்றுதான் நினைத்தார்.

தேர்வு அறையில், அவர் சொல்லச் சொல்ல எழுதித் தர ஒரு பெண்ணை உட்கார வைத்திருந்தார்கள். பாதித் தாள் கடந்ததும், "சார், மெதுவா. என் கை விழுந்துடும்" என்றாள். அவருக்கு அது பாராட்டாகவே கேட்டது. விடுப்புக் கணக்கில் பெரிய கேள்வி வந்தது. தடங்கல் இல்லாமல் சொன்னார். அன்றைக்கு வீட்டில் நெடுநாளைக்குப் பிறகு இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

முடிவு வந்தது. தேறவில்லை. மற்ற தாள்களெல்லாம் தாண்டியாகிவிட்டது, விதிகள் தாளில்தான் கொஞ்சத்தில் போயிருந்தது. மகள் இரண்டு முறை வாசித்துக் காட்டினாள். "போதும்மா, ஒரு தடவை சொன்னாலே கேக்கும் எனக்கு" என்றார்.

மத்தியானம் சூப்பரண்டு கூப்பிட்டார். அவருக்கு முன்பே சேதி போயிருந்தது.

"விதிகள் தாள்ல பெரிய கேள்வி என்ன வந்தது?"

"விடுப்புக் கணக்கு சார்."

"எப்படிப் போட்டே?"

ஆபரேட்டர் சொன்னார்.

"அது மாறிடுச்சுப்பா. நாலாவது அத்தியாயம். இது மாறியிருக்கு, கவனமாக் கேளுன்னு ரெண்டு தடவை சொன்னேன். நீயும் ஆமா சார்னே."

"ஆமா சார்."

"நீ சொன்ன கணக்கு என் பழைய பதிப்புல இருக்கறது. அது உனக்கு எங்க கிடைச்சது?"

ஒளித்து வைக்க ஆபரேட்டருக்கு இடமில்லை. மகள் இறக்கித் தந்ததைச் சொன்னார். புதியது என்று நினைத்துத்தான் கேட்டேன் என்றார். பிரதியில் முன்பக்கங்கள் இல்லை. ஆண்டும் இல்லை, எத்தனையாவது பதிப்பு என்பதும் இல்லை. நேராக முதல் அத்தியாயத்தில்தான் தொடங்குகிறது.

"அப்போ என் பேரு?"

"இல்ல சார். எடுத்துட்டாங்க."

தன்னைத் திட்டுவார் என்று ஆபரேட்டர் காத்திருந்தார். திட்டியிருந்தால் தேவலை. "காசு போனது போகட்டும்" என்று மட்டும் சொன்னார் சூப்பரண்டு. அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. பிறகு சோர்ந்த குரலில், "திருட்டுப் பிரதியைப் பத்தி வாசகர் ஒருத்தர் எழுத்தாளர்கிட்டயே போன்ல புகார் சொன்னது, உலகத்துல நீ ஒருத்தனாத்தான் இருப்பே" என்றார். இருவரும் சிரித்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது.

மறுநாள் சூப்பரண்டு செயலிக்காரர்களைக் கூப்பிட்டு, வாசிப்பானுக்குப் பூட்டைத் திறந்துவிடுங்கள் என்று கேட்டார். முடியாது என்றார்கள். ஒப்பந்தப்படி அந்தப் பதிப்பின் உரிமை அவர்களுடையது. ஒரு புத்தகத்துக்குத் திறந்தால் எல்லாவற்றுக்கும் திறக்க வேண்டிவருமாம். விண்ணப்பித்தால் பரிசீலிப்பார்களாம். அவரும் விண்ணப்பித்தார். பதில் வரவில்லை.

"எழுதினது நான்" என்றார் ஆபரேட்டரிடம். "சாவி என்கிட்ட இல்ல. நல்லாப் பூட்டச் சொன்னேன் பாரு, என்னையும் வெளிய வெச்சுப் பூட்டிட்டான்."

எழுதினவர் உரிமைக்குச் சட்டம் போட்டவர்கள் யாரும் கெட்டவர்களாக இருக்க மாட்டார்கள் என்று ஆபரேட்டர் நினைக்கிறார். எழுதுகிறவரையும் படிக்கிறவரையும் அவர்கள் மனசில் வைத்துத்தான் போட்டிருப்பார்கள். நடுவில் பூட்டு விற்கிறவன் ஒருத்தன் வருவான் என்பதை யோசிக்கவில்லை, அவ்வளவுதான். மகள் இதை ஒப்புக்கொள்வதில்லை. எல்லாப் புத்தகமும் எல்லோருக்கும் இலவசமாக இருக்க வேண்டும் என்கிறாள். அப்படியானால் சூப்பரண்டு எதை வைத்து மருந்து வாங்குவார் என்று இவர் கேட்கிறார். இந்தப் பேச்சு அந்த வீட்டில் முடிவதே இல்லை. மனைவிதான் நடுவில், "ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டுச் சண்டை போடுங்க" என்பாள்.

தொலைபேசிப் பலகையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மாடிப்படி அறையில் இப்போது பழைய நாற்காலிகள் கிடக்கின்றன. ஆபரேட்டர் தபால் பிரிவில், சன்னலோரம் ஒரு மேசையில் இருக்கிறார். பதவிப் பெயர் மாறவில்லை. உறைகளுக்குக் கோந்து தடவுவது அவர் வேலை, அதுவும் பாதி நாளைக்கு இருக்காது. சூப்பரண்டு மத்தியானங்களில் அவர் கைபேசிக்கு அழைத்து வாசிக்கிறார். முதலிலிருந்து ஆரம்பித்து இப்போது இரண்டாம் அத்தியாயத்தில் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் மறு காதில் எதுவும் வைத்துக்கொள்வதில்லை. அடுத்த தேர்வுக்கு இன்னும் தேதி அறிவிக்கவில்லை.