இராமையா கொடுத்த ரத்தம்

இலங்கை மலைநாட்டில், வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் யாராவது ரத்தம் கொடுக்க டவுன் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினால், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் இராமையா வழியை மறித்து நின்றுகொள்வார். "காமாலை கண்டுச்சா? மறைக்காம சொல்லு" என்பார். இதற்காக ஏச்சும் வாங்கியிருக்கிறார். கிறுக்கு என்று சிரித்தவர்களுக்கு, அவர் தங்கை ராக்காயி எப்படிச் செத்தாள் என்பது தெரியாது.

தாயும் தகப்பனும் போன பிறகு அண்ணன் கைச்சோற்றில் வளர்ந்தவள் அவள். கொத்மலைத் தோட்டம் ஒன்றில் செல்லசாமி என்பவனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்திருந்தார்.

ஐம்பத்தாறாம் வருஷம் தை மாதம் வட்டவளையில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் மஞ்சள் காமாலை புகுந்தது. இராமையாவுக்கும் கண் மஞ்சளானது. தோட்டத்து மருந்துக்காரரிடம் போனால் ஆஸ்பத்திரிக்குத் தள்ளிவிடுவார் என்று பயந்து, நாட்டு மருந்து கொடுக்கும் பேச்சியம்மாவிடம் போனார். அவள் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்து, வழக்கமான நிபந்தனையையும் போட்டாள்.

"வருசம் திரும்புற வரைக்கும் யாருகிட்டயும் வாயத் தொறக்காதப்பா. சொன்னா மருந்து முறிஞ்சிரும், நோவு திரும்பி வந்துரும்."

லயத்தில் பாதிப் பேர் அப்படித்தான் வாயைக் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். இராமையாவும் தேறி வேலைக்குப் போனார்.

பங்குனியில் ராக்காயிக்குப் பிரசவம். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது, ஆனால் உதிரம் நிற்கவில்லை. டவுன் ஆஸ்பத்திரியில் ரத்தம் வேண்டும் என்றதும், கூட வந்த ஆம்பிளைகள் பீடி பற்றவைக்க வெளியே நழுவினார்கள். செல்லசாமியின் ரத்தம் அவளுக்குச் சேரவில்லை. சேதி கேட்டு ஓடி வந்த அண்ணன் ரத்தம் சேர்ந்தது.

ஊசி போடுமுன் தாதி மிஸ்ஸி கேட்டாள்: "ஒங்களுக்குக் காமாலை வந்துச்சா? ஒங்க பக்கம் பரவியிருக்காமே. வந்திருந்தா எடுக்க மாட்டோம்."

சொன்னால் மருந்து முறியும். அதுகூடக் கிடக்கட்டும், தங்கைக்கு ரத்தம் இல்லை என்றாகிவிடுமே! நோய்தான் போய்விட்டதே, இனி என்ன என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

"இல்லீங்க மிஸ்ஸி."

ராக்காயி பிழைத்தாள். அண்ணன் என்றால் இவனல்லவா அண்ணன் என்று இரண்டு தோட்டமும் மெச்சியது. அவரும் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தார், பாவம்.

வைகாசிக் கடைசியில் செல்லசாமி ஆளனுப்பினான். அதே ஆஸ்பத்திரியில் கண்ணும் நகமும் மஞ்சளாகி, வயிறு வீங்கிக் கிடந்தாள் ராக்காயி. அவள் இருந்த கொத்மலை லயத்தில் வேறு யாருக்கும் காமாலை இல்லை. தன் ரத்தத்தோடு நோயும் போயிருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் இராமையாவுக்கு விளங்கிவிட்டது.

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு டாக்டரிடம் சொன்னாள்: "ஐயா, எங்க அண்ணனையும் பாருங்கய்யா. எனக்கு ரத்தம் கொடுத்து எளைச்சுப் போயிட்டாங்க. இந்த நோவு அவங்களுக்கும் வந்துறப் போவுது."

டாக்டர் திரும்பினார். "உமக்கு எப்பவாவது காமாலை வந்ததா?"

"வந்துச்சுங்க ஐயா. ரத்தம் கொடுக்குறதுக்கு முந்தியே வந்துச்சு. நான்தான் சொல்லல."

ராக்காயிக்கு எல்லாம் கேட்டது, புரியவும் புரிந்தது. அவள் கையை உதறியிருந்தால்கூட இராமையாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"அப்ப ஒங்களுக்கு இனிமே வராதில்லண்ணே?" என்று கேட்டாள்.