குவாபாராவின் சுண்டுவிரல்

ஈரத்துணியை நாலாக மடித்து, முழங்காலில் ஊர்ந்து ஊர்ந்து, பயிற்சிக் கூடத்து மெத்தைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு போகிறார் குவாபாரா. மொத்தம் நாற்பத்தெட்டு மெத்தைகள். யாராவது உதவிக்குக் குனிந்தால், "மொதல்ல உன் வீட்டத் தொடைச்சியா?" என்று கேட்பார், தலை நிமிராது. வலைத் திரைக்கு அந்தப் பக்கம் பேட்மிண்டன் ஆட்டம் நடக்கும். தவறி வந்து விழும் இறகுப் பந்துகளைத் திருப்பி எறியமாட்டார். ஒவ்வொன்றாக இடுப்பு மடிப்பில் செருகிக்கொள்வார். சனிக்கிழமை மாலை ஒரு பை நிறையக் கொண்டுபோய்க் கூடத்துச் சொந்தக்காரரிடம் நீட்டி, "உன் ஆளுங்களுக்குக் கண்ணு தெரியல. டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போ" என்பார்.

எழுபத்தொரு வயது. கப்பல் இன்ஜின் பழுது பார்ப்பதற்கு இரண்டு வருட ஒப்பந்தத்தில் ஜப்பானிலிருந்து ஜாவாத் தீவின் சுரபாயாவுக்கு வந்தவர். ஒப்பந்தம் முடிந்து முப்பத்தாறு வருடம் ஆகிறது. பேச்சைக் கற்றுக்கொண்டது துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களிடம். ஜாவாக்காரர்கள் பெரியவர்களிடம் ஒரு பேச்சு, கூட்டாளிகளிடம் ஒரு பேச்சு என்று அளந்து பேசுவார்கள். குவாபாராவுக்கு வாய்த்தது ஒரே பேச்சு. கூடத்தைப் பார்க்க வந்த மாவட்ட அதிகாரியை, "வந்துட்டியா? செருப்பக் கழட்டு. அங்க உக்காரு" என்று வரவேற்றார். ஒரு துக்க வீட்டுக்குப் போய், "அழு, நல்லா அழு. அழுதுட்டு சோறு தின்னு" என்றார். அந்த வீட்டுக்காரர்கள் அதை இன்றும் சொல்லிக் கண் கலங்குகிறார்கள்.

கற்றுத்தருவது ஐகிடோ. அடிக்க வருகிறவனின் விசையைத் திருப்பி அவனையே தரையில் சேர்க்கிற வித்தை. பிடி சுண்டுவிரலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது அவர் பாடம். "சுண்டுவெரல்தான் முதலாளி. கட்டவெரலு சும்மா மேஸ்திரி, கத்திக்கிட்டே இருப்பான், வேல செய்யமாட்டான்."

அதைவிடப் பெரிய சட்டம் ஒன்று உண்டு: "பொய்யா விழாதே." சென்சே, அதாவது வாத்தியார், எறிவதற்கு முன்பே மரியாதைக்காகப் பறந்துபோய் விழுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஒரு போலீஸ்காரர் அப்படி அழகாக உருண்டு எழுந்தபோது, குவாபாரா வாசலுக்குப் போய் அவருடைய செருப்பை எடுத்துவந்து மெத்தை ஓரத்தில் வைத்தார். கிளம்பு என்று அர்த்தம். போலீஸ்காரர் அப்புறம் வரவில்லை.

பத்தொன்பது வருடமாக அவர் எறிந்து காட்டுவது விவிக் என்கிற மாணவியைத்தான். அவளுக்கு நாற்பத்தாறு வயது. பிரசவம் பார்க்கிற நர்ஸ். பிறந்த குழந்தையின் உள்ளங்கையில் தன் விரலை வைத்துப் பார்ப்பது அவள் அன்றாட வேலை. பிஞ்சு விரல்கள் வந்து மூடிக்கொண்டால் நிம்மதி. மூடாவிட்டால் டாக்டரைக் கூப்பிட ஓடுவாள்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, மெத்தைமேல் அப்படி மூடாத விரலை அவள் கண்டாள். அவள் மணிக்கட்டைப் பிடித்த குவாபாராவின் வலது கையில் சுண்டுவிரல் மூடவில்லை. பக்கத்து விரல் பாதிதான் வந்தது. அவர் இடுப்பு திரும்பியது. விசை வந்து சேரவில்லை. அவள் விழுந்தாள். யோசித்து விழவில்லை, இத்தனை வருடப் பழக்கத்தில் உடம்பு தானாகப் போய்விட்டது. எழுந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"மறுபடி" என்றார்.

மறுபடியும் விழுந்தாள். இந்த முறை தெரிந்தே.

அன்றிலிருந்து தினமும் வகுப்பு முடியும்வரை அவள் கண் வாசல் பக்கமே போய்ப்போய் வந்தது, தன் செருப்பு எப்போது மெத்தை ஓரத்துக்கு வரும் என்று. வரவில்லை. குவாபாரா டீக் குவளையை இடது கைக்கு மாற்றினார். பேசும்போது வலது கையை அங்கிக்குள் செருகிக்கொண்டார். ஒருநாள் அவள் துணிந்து, "சென்சே, எங்க ஆஸ்பத்திரிக்கு நரம்பு டாக்டர் ஒருத்தர் வர்றார்..." என்று இழுத்தாள்.

"யாருக்கு ஒடம்பு சரியில்ல?"

"யாருக்கும் இல்ல."

"அப்ப அவன் சும்மா உக்காந்திருக்கட்டும்."

இதற்கிடையில் கடிதம் வந்தது. ஜப்பானிலுள்ள தலைமைச் சங்கத்திலிருந்து நிஷிஹாரா என்பவர் வருகிறார். நாலு வருடத்துக்கு ஒருமுறை இப்படி ஒருவர் வந்து, வாத்தியாரைச் செய்துகாட்டச் சொல்லிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் இந்தக் கூடம் கொடுக்கிற பட்டைக்கு மதிப்பு. கறுப்புப் பட்டைக்கு ஒன்பது பேர் காத்திருந்தார்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற தெகு அதில் ஒருவன். ஏழு வருடப் பயிற்சி. நிஷிஹாரா வருவதற்கு முந்தின நாள் அவன் விவிக்கிடம் வந்து, பெல்ட்டைச் சுருட்டிக்கொண்டே, "அக்கா, நாளைக்கும் நீங்க எப்பவும் போல விழுங்க. அது போதும்" என்றான். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

ஞாயிறு காலை பேட்மிண்டனை நிறுத்தியிருந்தார்கள். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. நிஷிஹாரா ஒல்லியான மனிதர். மடியில் கோப்பு, கோப்பின்மேல் மூடிய பேனா. குவாபாரா கண்ணாலேயே விவிக்கை அழைத்தார்.

இடது பக்கம் நாலு எறி. நாலிலும் கால் தரையை விட்டது தெரியாமல் அவள் பறந்தாள். நாலிலும் மெத்தை அதிர்ந்தது. உட்கார்ந்திருந்தவர்களிடமிருந்து ஒரு பெருமூச்சு எழுந்தது.

பிறகு வலது. அவள் தாக்க வந்தாள். அவர் விலகினார், அந்த விலகலில் ஒரு குறையும் இல்லை. வலது கை அவள் மணிக்கட்டில் வந்து உட்கார்ந்தது, துவண்ட கீரைத்தண்டு மாதிரி. அவள் உடம்பு விழக் கிளம்பியது.

"நில்லு." உதடு அசையாமல் சொன்னார். "விழுந்தே, கொன்னுடுவேன்."

அவள் நின்றாள்.

அவர் திருப்பினார், இழுத்தார், இடுப்பைத் தாழ்த்தி மறுபடி திருப்பினார். அவள் நின்றாள். விழாமல் நிற்பது இவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. தெகு உட்கார்ந்த இடத்திலிருந்து தலையை மெல்ல ஆட்டினான்: விழுங்க, விழுங்க. மூன்றாம் முறை குவாபாராவின் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டி அவள் கையில் விழுந்தது. அவள் கண்ணில் நீர் முட்டியது. துடைக்கக் கையை எடுத்தால் அவர் பிடி தானாகவே கழன்றுவிடும் என்று துடைக்கவில்லை.

அவரே கையை விட்டார். நிஷிஹாராவின் பக்கம் திரும்பி மண்டியிட்டு, நெற்றி மெத்தையில் பட வணங்கினார். ஜப்பானிய மொழியில் இரண்டே வாக்கியம் பேசினார். வகுப்பில் கேட்டுப் பழகிய ஒரு சொல் மட்டும் விவிக்குக்குப் புரிந்தது: வலது.

நிஷிஹாரா பேனாவைத் திறக்கவில்லை. கோப்பை மூடினார். ஆறு மாதம், டாக்டர் கடிதம், அதுவரை இங்கே பட்டைத் தேர்வு கிடையாது என்று தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் எல்லோருக்கும் சொன்னார். கிளம்பும்போது குவாபாராவுக்கு ஒரு வணக்கம் வைத்தார். வந்தபோது வைத்ததைவிட அதிகமாகவே குனிந்தார்.

வாசலில் தெகு விவிக்கை மறித்தான்.

"ஒரே ஒரு தடவ விழுந்திருக்கலாம்ல, அக்கா? மூணு மாசமா விழுந்தீங்கல்ல?"

"அது பொய்டா."

"எங்களுக்கு அது போதுமே!"

பின்னாலிருந்து குவாபாராவின் குரல் வந்தது. "தெகு, கத்தணும்னா என்னப் பாத்துக் கத்து. நிக்கச் சொன்னது நான்."

தெகு கத்தவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இருவரும் எதிரிலிருந்த கோழிச்சாற்றுக் கடையில் போய் உட்கார்ந்தார்கள். உச்சி வெயில், கூட்டம் இல்லை. விவிக் கேட்டாள்: "அந்தப் போலீஸ்காரர் செருப்ப எடுத்து வெச்சீங்க. என்னோடத ஏன் வைக்கல?"

குவாபாரா தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ விழுந்தப்ப எனக்கு நல்லா இருந்துச்சு" என்றார். "பழைய கை மாதிரியே இருந்துச்சு. அதான்."

கிண்ணம் வந்தது, ஓரத்தில் பாதி எலுமிச்சையோடு. வலது கையால் அதை எடுத்துச் சாற்றுக்கு மேலே பிடித்து அழுத்தினார். இரண்டாம் முறையும் அழுத்தினார். ஒரு சொட்டு இறங்கவில்லை. எலுமிச்சை நழுவி மேசையில் விழுந்தது. கடைக்காரப் பெண் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் இடது கைக்கு மாறவில்லை. எலுமிச்சையை ஒரு விரலால் மேசைக்குக் குறுக்கே விவிக்கிடம் தள்ளினார்.

"பிழி" என்று சொல்லி, கிண்ணத்தையும் அவள் பக்கம் நகர்த்தினார்.